எம்டன்: பெயர் தெரியும், ஆளைத் தெரியுமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

"அவன் சரியான எம்டன்" என்று எங்கட ஊர்களில் சொல்வோம். எவருடைய கையிலும் இலேசில் அகப்படாத கெட்டிக்காரனுக்கு அந்தப் பட்டம். சிங்கள அயலவர்களும் இதே சொல்லை ஏறக்குறைய இதே கருத்தில் பாவிக்கிறார்கள். உறங்காமல் அடம்பிடிக்கும் பிள்ளையை "எம்டன் வரும்" என்று சொல்லிப் பயங்காட்டிய தாய்மாரும் ஒரு காலத்தில் இந்த நாட்டில் இருந்தார்கள். நூறு வருடம் கடந்தும் சொல் உயிரோடு இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கப்பல் இருந்தது, அந்தக் கப்பலுக்கு ஒரு கப்டன் இருந்தார் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

கப்பலின் பெயர் எம்டன். ஜேர்மனியிலுள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். கப்டனின் பெயர் கார்ல் வொன் முல்லர். முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மனியின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்ற கடற்படை அதிகாரி. அவர் கடலில் யுத்தம் செய்தது மூன்று மாதங்களளவில்தான். அந்த மாதங்களின் பெரும்பகுதி கழிந்தது நமது கடலில்.

முல்லர் 1873ஆம் ஆண்டு ஹனோவர் நகரில் பிறந்தவர். தகப்பன் பிரஷ்ய இராணுவத்தில் கேணல். மகன் 1891இல் கடற்படையில் சேர்ந்தார். ஜேர்மனியின் ஆட்சியிலிருந்த கிழக்கு ஆபிரிக்கக் கரையில் ஒரு சிறிய கப்பலில் கடமையாற்றிய காலத்தில் மலேரியா தொற்றியது. அந்தக் காய்ச்சல் அவரை ஆயுள் முழுக்க விடவில்லை. கூச்ச சுபாவமும் அமைதியும் கொண்டவர், அதிகம் பேசமாட்டார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1913இல் எம்டன் அவர் பொறுப்பில் வந்தது.

அப்போது எம்டனின் தளம் சீனாவின் சிங்தாவ் துறைமுகம். அந்த இடத்தை ஜேர்மனி சீனாவிடமிருந்து 1898இல் பலவந்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தது. 1913இல் சீனாவில் கிளர்ச்சி நடந்தபோது யாங்சே ஆற்றங்கரைக் கோட்டைகள்மீது முல்லரின் பீரங்கிகள் சுட்டன. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம். பிரித்தானியர் எப்படி நம்மை ஆண்டார்களோ, அப்படித்தான் ஜேர்மனியர் வேறு மக்களை ஆண்டார்கள். முல்லர் விடுதலை வீரர் அல்லர். ஒரு சாம்ராச்சியத்தின் சம்பளம் வாங்கிய படைவீரர். அவரைப் பற்றி எழுத வேண்டிய காரணம் வேறு.

1914 ஓகஸ்ட் மாதம் யுத்தம் மூண்டது. ஜேர்மனியின் கிழக்காசியக் கப்பற்படைக்குத் தலைவர் அட்மிரல் வொன் ஸ்பே. பசிபிக் சமுத்திரத்தில் பாகன் என்ற தீவில் அவர் தமது கப்டன்மாரைக் கூட்டி ஆலோசனை கேட்டார். முழுப் படையும் தென்னமெரிக்கா பக்கம் போவதென்பது அவருடைய எண்ணம். முல்லர் ஒரு யோசனையை முன்வைத்தார்: ஒரேயொரு கப்பலையாவது இந்து சமுத்திரத்துக்கு அனுப்புங்கள். அங்கேதான் பிரித்தானியாவின் கஜானா மிதக்கிறது. தேயிலை, அரிசி, சணல், சீனி, எல்லாவற்றுக்கும் மேலாகப் படைவீரர்கள், அந்த வழியாகத்தான் போகிறார்கள்.

ஸ்பே சம்மதித்தார். அனுப்பப்பட்டது முல்லரின் எம்டன்தான். கூடவே மார்க்கோமானியா என்ற ஒரு நிலக்கரிக் கப்பல். அவ்வளவுதான் துணை.

எம்டன் பெரிய கப்பலல்ல. 10.5 சென்ரிமீற்றர் பீரங்கிகள் பத்து. அதைத் தேடி அலைந்த கப்பல்கள் பலவற்றில் அதைவிடப் பெரிய பீரங்கிகள் இருந்தன. இன்னொரு சிக்கலும் இருந்தது. எம்டன் நிலக்கரியில் ஓடும் கப்பல். சில நாட்களுக்கு ஒருமுறை நிலக்கரி ஏற்றியாக வேண்டும். ஏற்றுவதற்கு ஒரு நட்புத் துறைமுகம்கூட இந்தச் சமுத்திரத்தில் இல்லை. கொழும்பு, சென்னை, கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் எல்லாம் எதிரியின் கையில். ஆகவே எதிரியின் நிலக்கரிக் கப்பலைப் பிடித்து, அதிலுள்ள நிலக்கரியை நடுக்கடலிலோ ஒதுக்குப்புறமான தீவுகளுக்கு அருகிலோ மாலுமிகள் தோளில் சுமந்து மாற்ற வேண்டும். நம்முடைய வெயிலில், கரித்தூளுக்குள் நின்று, எந்த நேரமும் ஒரு போர்க்கப்பல் வரலாம் என்ற பயத்தோடு செய்யும் வேலை அது.

ஒரு தந்திரமும் செய்தார்கள். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். பிரித்தானியக் கப்பலான யார்மவுத்துக்கு நான்கு. கன்வஸ் துணியால் பொய்யாக ஒரு நான்காவது புகைபோக்கி கட்டினார்கள். தூரத்தில் பார்ப்பவர்களுக்கு அது பிரித்தானியக் கப்பல்.

செப்டெம்பர் 10ஆம் திகதி வங்காள விரிகுடாவில் வேட்டை தொடங்கியது. முதலில் பொன்டோபொரோஸ் என்ற கிரேக்கக் கப்பல் அகப்பட்டது. கிரேக்கம் யுத்தத்தில் இல்லை, ஆனால் அந்தக் கப்பல் ஏற்றி வந்தது பிரித்தானியருக்குரிய நிலக்கரி. அதே நாளில் இன்டஸ் என்ற கப்பலும் மாட்டியது. துருப்புகளை ஏற்றுவதற்காகத் தயார்செய்யப்பட்ட கப்பல் அது. அதற்குள் பெருந்தொகையான சவர்க்காரம் இருந்தது. எம்டனில் சவர்க்காரம் முடிந்துபோயிருந்த நேரம் அது. அடுத்தடுத்த நாட்களில் லொவாட், கபிங்கா, கில்லின், டிப்ளொமாட் என்று வரிசையாகக் கப்பல்கள் அகப்பட்டன. டிப்ளொமாட்டோடு மட்டும் பெருந்தொகையான தேயிலை கடலுக்கடியில் போனது.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு வணிகக் கப்பலைக் கண்டதும் எம்டன் என்ன செய்தது?

முதலில் ஜேர்மன் கொடியை ஏற்றும். நிற்கச் சொல்லிச் சைகை காட்டும். ஓர் அதிகாரி படகில் போய் அந்தக் கப்பலின் கடதாசிகளைப் பரிசோதிப்பார். யுத்தத்தில் சேராத நாட்டின் கப்பலாக இருந்தால், போகவிட்டுவிட வேண்டும். லொரெடானோ என்ற இத்தாலியக் கப்பலை அப்படித்தான் விட்டார்கள். விடப்பட்ட அந்தக் கப்பல்தான் நேரே போய் எம்டனைப் பற்றி முதன்முதலில் பிரித்தானியருக்குத் தகவல் சொன்னது! அப்படி நடக்கலாம் என்று தெரிந்தும் விட்டார் முல்லர். எதிரியின் கப்பலாக இருந்தால், அதிலுள்ள அத்தனை பேரையும் அவர்களுடைய சாமான்களோடு இறக்கி, வேறொரு கப்பலில் ஏற்றிய பிறகுதான் மூழ்கடிப்பார்கள்.

கபிங்கா பிரித்தானியக் கப்பல். ஆனால் அதிலிருந்த சரக்கு அமெரிக்கருடையது. கப்டனின் மனைவியும் சிறு பிள்ளையும்கூட அதில் இருந்தார்கள். முல்லர் அந்தக் கப்பலை மூழ்கடிக்கவில்லை. மற்றக் கப்பல்களில் பிடித்தவர்களை அதில் ஏற்றி, கல்கத்தா பக்கம் அனுப்பிவிட்டார். இப்படி விடுவிக்கப்பட்ட கப்பலொன்றில் இருந்தவர்கள், தங்களைப் பிடித்த எம்டனுக்கே ஆரவாரம் செய்து விடைபெற்றார்கள் என்று பதிவாகியிருக்கிறது.

இரண்டு மாதத்தில் 20க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை எம்டன் பிடித்தது. நடுக்கடலில் அப்படி மறித்த கப்பல்களில் ஒரு மாலுமியின் உயிரும் போகவில்லை. லண்டன் பத்திரிகைகளே முல்லரின் நடத்தையை மெச்சி எழுதின. யுத்த காலத்தில் எதிரி நாட்டுப் பத்திரிகையில் நற்சாட்சி பெறுவது சின்ன விடயமல்ல.

செப்டெம்பர் 22 இரவு எம்டன் சென்னைக்கு முன்னால் வந்து நின்றது. நகரத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அரை மணித்தியாலத்துக்குள் நூற்றுக்கும் அதிகமான குண்டுகள். குறி பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகள். அவை பற்றியெரிந்த வெளிச்சம் வெகுதூரம் தெரிந்தது. ஆனால் குண்டு குறியில் மட்டும்தான் விழும் என்று யாரால் சொல்ல முடியும்? துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் கரையிலுமாகக் குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் வீடுவாசலை விட்டு ஊர்ப்புறங்களுக்கு ஓடினார்கள். முல்லரின் கணக்கில் இதையும் எழுதத்தான் வேண்டும். குறியை எவ்வளவு கவனமாகத் தெரிவு செய்தாலும், யுத்தத்தின் குண்டு யாரோ ஒரு தாயின் பிள்ளையிடம் போய்ச் சேரும்.

சென்னையைச் சுட்ட பிறகு எம்டன் நமது தீவைச் சுற்றி வந்தது. செப்டெம்பர் 25 முதல் 27 வரை கொழும்புக்கும் மினிக்கோய்க்கும் இடைப்பட்ட கடலில் ஆறு கப்பல்கள் பிடிபட்டன. அவற்றில் டைமெரிக் என்ற கப்பல் கொழும்பிலிருந்து சீனியோடு புறப்பட்டு அதிக தூரம் போகவில்லை. கொழும்புத் துறைமுகத்தின் தேடொளி விளக்குகள் கடலைத் துழாவிக்கொண்டிருந்தன. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே எம்டன் அதைப் பிடித்தது. பியூரெஸ்க் என்ற கப்பலில் 6,000 தொன்னுக்கும் அதிகமான முதல்தர நிலக்கரி, பிரித்தானியக் கடற்படைக்காகப் போனது, எம்டனுக்குக் கிடைத்தது. பிடிபட்டவர்கள் எல்லோரும் கிரைஃப்வேல் என்ற கப்பலில் ஏற்றப்பட்டுக் கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் வந்து சொன்ன கதைகள் நகரத்தில் எப்படிப் பரவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "எம்டன்" என்ற பெயர் நம் நாட்டு வாய்களில் ஏறியது அந்த நாட்களில்தான்.

பிறகு தெற்கே டியேகோ கார்சியா. ஒக்டோபர் 9ஆம் திகதி அங்கே போனபோது ஓர் ஆச்சரியம். அந்தத் தீவு பிரித்தானியருடையது, ஆனால் யுத்தம் தொடங்கிய செய்தியே அங்கு இன்னும் போய்ச் சேரவில்லை! எம்டன் மாலுமிகளும் வாய் திறக்கவில்லை. கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டித் துப்புரவு செய்தார்கள், நிலக்கரி ஏற்றினார்கள், தீவுக்காரர்களின் பழுதடைந்த இயந்திரப் படகொன்றையும் திருத்திக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்கள். அதன்பின் மறுபடியும் மினிக்கோய் பக்கம் ஏழு கப்பல்கள்.

ஒக்டோபர் 28 விடியற்காலை பினாங்கு. நான்காவது பொய்ப் புகைபோக்கியோடு துறைமுகத்துக்குள்ளே நுழைந்தது எம்டன். உள்ளே ரஷ்யப் போர்க்கப்பல் ஷெம்சுக் நங்கூரமிட்டிருந்தது. அதன் கப்டன் அன்றிரவு கரையில் தங்கியிருந்தார். சுடுவதற்கு முன் எம்டன் தனது உண்மையான கொடியை ஏற்றியது. வேடம் போடலாம், ஆனால் வேடத்தோடு சுடக்கூடாது என்பது கடல் யுத்தத்தின் சட்டம். டோர்பிடோ பாய்ந்தது, ஷெம்சுக் சில நிமிடங்களில் தாழ்ந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட ரஷ்யர்கள் மாண்டார்கள். வெளியேறும் வழியில் மூஸ்கே என்ற சிறிய பிரெஞ்சுப் போர்க்கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. அடுத்த கப்பல் துரத்தி வரலாம் என்ற நிலையிலும் எம்டன் நின்று, தண்ணீரில் தத்தளித்த 36 பிரெஞ்சு மாலுமிகளைத் தூக்கியெடுத்தது. காயத்தால் இறந்தவர்களுக்கு இராணுவ மரியாதை செய்து கடலில் அடக்கினார்கள். மற்றவர்களை நியூபேர்ன் என்ற கப்பலில் ஏற்றிச் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். பினாங்கில் ஆயுதமில்லாத ஒரு படகின்மீது தவறுதலாகச் சுட்டுவிட்டார்கள். அதற்காக மன்னிப்புக் கேட்டு, வழியில் சந்தித்த கப்பலொன்றின் கப்டனிடம் செய்தி சொல்லி அனுப்பினார் முல்லர்.

முடிவு கொக்கோஸ் தீவுகளில் வந்தது. அங்கே டைரெக்ஷன் என்ற தீவில் ஒரு தந்தி நிலையம் இருந்தது. அவுஸ்திரேலியாவை மற்ற நாடுகளோடு இணைக்கும் கடலடிக் கம்பிகள் அதன் வழியே போயின. நவம்பர் 9 காலை, அந்த நிலையத்தை அழிப்பதற்காக ஹெல்முத் வொன் முக்கே என்ற அதிகாரியின் தலைமையில் ஐம்பது பேரளவில் கரையிறங்கினார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் நிலையத்தார் "அந்நியக் கப்பலொன்று வந்திருக்கிறது" என்று செய்தி அனுப்பிவிட்டார்கள்.

அங்கே நடந்ததைக் கேட்டால் யுத்தமா விருந்தாளிகளின் வருகையா என்று தோன்றும். "எங்கள் டெனிஸ் மைதானத்தில் விழாமல் கம்பத்தைச் சாயுங்கள்" என்று நிலையத்தார் கேட்க, ஜேர்மனியர் அதன்படியே சாய்த்தார்கள். எம்டனுக்கு ஜேர்மனியச் சக்கரவர்த்தி இரும்புச் சிலுவைப் பதக்கங்கள் அறிவித்திருக்கிறார் என்ற செய்தியை முக்கேயின் ஆட்களுக்குச் சொன்னதும், வாழ்த்தியதும் அந்தப் பிரித்தானிய நிலையத்தார்தான். அவர்களுக்குத் தந்தியில் அந்தச் செய்தி ஏற்கெனவே வந்திருந்தது.

ஆனால் ஐம்பது மைல் தூரத்தில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துத் துருப்புகளை ஏற்றிய 30க்கும் மேற்பட்ட கப்பல்கள் கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்தன. முல்லருக்கு அது தெரியாது. அவற்றுக்குக் காவலாக வந்த அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, தந்தியைக் கேட்டுத் திரும்பிப் பாய்ந்து வந்தது. அதன் பீரங்கிகள் எம்டனுடையதைவிடப் பெரியவை, தூரம் சுடக்கூடியவை. கரையிறங்கியவர்களை ஏற்றிக்கொள்ள நேரமில்லாமல் எம்டன் சண்டைக்குப் புறப்பட்டது. இரண்டு மணித்தியாலத்துக்குள் புகைபோக்கிகள் விழுந்தன, பீரங்கிகள் ஊமையாகின. இனிச் சண்டையிட முடியாது என்று ஆனதும், மிஞ்சியிருக்கும் உயிர்களைக் காப்பாற்ற முல்லர் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறைமீது ஏற்றினார்.

சிட்னி வேறொரு கப்பலைத் துரத்திவிட்டு மாலையில் திரும்பி வந்தது. எம்டனின் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. சரணடையச் சொல்லிச் சைகை காட்டியும் பதில் வரவில்லை. சிட்னி மீண்டும் சுட்டது. அதன்பின்தான் கொடி இறங்கி வெள்ளைத் துணி ஏறியது. எம்டனில் இறந்தவர்கள் 130க்கும் அதிகம். சிட்னியில் நால்வர். அந்தக் கடைசிக் குண்டுகள் அவசியமா, அந்தக் கொடியை முன்னமே இறக்கியிருக்கக் கூடாதா என்ற கேள்வி இன்றும் பேசப்படுகிறது. நல்ல தலைவர்களின் கணக்கிலும் இப்படித் தீராத கேள்விகள் இருக்கும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு மனிதர் இருந்தார். சிட்னியின் கப்டன் ஜோன் கிளொசொப். நவம்பர் 15ஆம் திகதி எம்டனின் கைதிகளோடும் காயப்பட்டவர்களோடும் அவர் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தார். துறைமுகம் நிறையத் துருப்புக் கப்பல்கள், ஆயிரமாயிரம் படைவீரர்கள். வெற்றி பெற்ற கப்பலுக்கு ஆரவாரம் வானைப் பிளந்திருக்க வேண்டும். கிளொசொப் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்: காயப்பட்ட எதிரிகள் கப்பலின் தளத்தில் கிடக்கிறார்கள், யாரும் சத்தமிட வேண்டாம். அவர்களும் சத்தமிடாமல் இருந்தார்கள். நமது கொழும்பில் நடந்தது இது.

தீவில் விடுபட்ட முக்கேயின் ஆட்களின் கதையை இங்கே சுருக்கித்தான் சொல்ல முடியும். அங்கே நின்ற ஒரு பழைய பாய்க்கப்பலில் ஏறித் தப்பினார்கள். அதன் பெயர் ஆயிஷா! சுமாத்திராவின் பாடாங் போய், பிறகு வேறொரு கப்பலில் ஏறி, 1915 ஜனவரியில் யெமனின் ஹொதைதாவில் இறங்கினார்கள். அங்கிருந்து சம்புக் என்னும் அரபுப் படகுகளிலும் ஒட்டகங்களிலும் வடக்கே போனார்கள். ஜித்தாவுக்கு அருகில் பதவிகளோடு நடந்த சண்டையில் சிலரை இழந்தார்கள். மக்காவின் அமீருடைய ஆட்கள் வந்த பிறகே மீண்டார்கள். அல்-உலாவில் ஹிஜாஸ் ரயிலைப் பிடித்து, மே மாதம் இஸ்தான்புலை அடைந்தார்கள். ஹஜ்ஜுக்குப் போகும் நம்மவர்கள் ஜித்தாவில் இறங்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

முல்லரை முதலில் மோல்டா தீவில் வைத்தார்கள். 1916இல் இங்கிலாந்துக்கு மாற்றினார்கள். 1917 செப்டெம்பரில் சட்டன் பொனிங்டன் முகாமிலிருந்து சுரங்கம் தோண்டி 20க்கும் மேற்பட்ட அதிகாரிகள் தப்பியோடினார்கள். அவர்களில் முல்லரும் ஒருவர். பிடிபட்டுத் திரும்பக் கொண்டுவரப்பட்டார். மலேரியா முற்றியதால் 1918 ஜனவரியில் சிகிச்சைக்காக நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். பிரஷ்யாவின் உயர்ந்த பதக்கமான "பூர் லெ மெரிட்" 1918 மார்ச்சில்தான் கிடைத்தது. கப்பல் இல்லை, ஆட்களில் பலர் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லாத நேரத்தில் வந்த பதக்கம்.

யுத்தம் முடிந்ததும் ஓய்வு பெற்றார். புத்தகம் எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள். எழுதியிருந்தால் பணம் கொட்டியிருக்கும். தன்னோடு இருந்து இறந்தவர்களின் இரத்தத்தைக் காசாக்குவது போல அது தோன்றுகிறது என்று மறுத்துவிட்டார். 1923 மார்ச் 11ஆம் திகதி, ஐம்பது வயதாகும் முன்பே இறந்துபோனார்.

இப்போது கடலை விட்டுக் கரைக்கு வருவோம். எம்டன் இலங்கைக் கரையில் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஆனால் எம்டனைப் பற்றிய வதந்தி இங்கே இறங்கி ஊர் ஊராக நடந்தது.

யால வனத்தின் முதல் காவலர் எங்கல்பிரெக்ட் என்ற போயர் இனத்தவர். தென்னாபிரிக்க யுத்தத்தில் பிடிபட்டு, கைதியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர். மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் நாடு திரும்ப முடியாமல் இங்கேயே தங்கியவர். எம்டன் மாலுமிகளுக்கு அவர் மாட்டிறைச்சி கொடுத்தாராம் என்று ஒரு கதை கிளம்பியது. கப்பல் இங்கே கரைக்கு வந்ததற்கே சான்று இல்லை. ஆனாலும் அந்த மனிதரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். சாட்சி தேவைப்படவில்லை. அந்நியர் என்பதும், பழைய எதிரி என்பதும் போதுமாக இருந்தன.

எம்டன் அழிந்து ஏழாவது மாதத்தில், 1915 மே கடைசியில், இந்த நாட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். கண்டியில் ஒரு பள்ளிவாசலுக்கு முன்னால் தொடங்கிய பிரச்சினை, வதந்தியின் காலில் ஏறிப் பல மாவட்டங்களுக்கு ஓடியது. நம்மவர்களின் உயிர்கள் போயின. பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான கடைகள் சூறையாடப்பட்டன. அதோடு முடியவில்லை. யுத்தகாலப் பயத்தில் இருந்த ஆட்சியாளர்கள் இதை ராஜத்துரோகச் சதியாகக் கண்டு இராணுவச் சட்டம் போட்டார்கள். பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான டி. எஸ். சேனாநாயக்க உட்படச் சிங்களத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஹென்றி பேதிரிஸ் என்ற 26 வயது இளைஞர் ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு நீதி கிடைக்கவில்லை என்பதை இன்று பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். நமக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லும்போது அந்தத் தாயின் பிள்ளைக்கு நடந்த அநியாயத்தையும் நாம் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே வருடத்து அநியாயங்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுக்கடலில், கேட்பார் பார்ப்பார் இல்லாத இடத்தில், எதிரியின் கப்பலைப் பிடித்த ஒருவர் முதலில் கடதாசியைப் பரிசோதித்தார். யார், எந்த நாடு, என்ன சரக்கு என்று விசாரித்த பிறகே முடிவெடுத்தார். விட வேண்டியவரை விட்டார். கரையில், நீதிமன்றமும் பொலிசும் பத்திரிகையும் இருந்த இடத்தில், கூட்டமும் விசாரிக்கவில்லை, ஆட்சியும் விசாரிக்கவில்லை.

சூரா அல்ஹுஜுராத்தில் நமக்கு வந்த கட்டளையை அறிவீர்கள். ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு கைசேதப்படக் கூடாது. ஒரு சமூகத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து திருப்பிவிடக் கூடாது என்பதையும் சூரா அல்மாயிதாவில் ஓதுகிறோம். முல்லர் இவற்றை ஓதியவரல்லர். ஆனாலும் தன் தொழிலின் சட்டத்தை, தனக்கு நட்டம் வந்தபோதும் மீறாமல் நின்றார். ஓதுகிற நாம், கையிலுள்ள ஃபோனில் வரும் ஒரு குரல் பதிவை அடுத்த ஆளுக்கு அனுப்ப எத்தனை விநாடி எடுக்கிறோம்? ஒரு கடையைப் பற்றி, ஒரு மௌலவியைப் பற்றி, பக்கத்து ஊரைப் பற்றி, மற்றச் சமூகத்தைப் பற்றி?

ஒரு வதந்தி எம்டனையே விடவில்லை. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்துதான் சென்னையைச் சுட வைத்தார் என்று இன்றும் தமிழில் எழுதுகிறார்கள். அவர் அந்த நாட்களில் ஐரோப்பாவில் இருந்தார். கேட்க இனிமையான பொய்யும் பொய்தான்.

உறவுகளே, பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். பொய்ப் புகைபோக்கியைச் சொல்லுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும். கபிங்காவில் இருந்த சிறு பிள்ளையைச் சொல்லுங்கள். சென்னையில் இறந்தவர்களையும் சொல்லுங்கள். கொழும்புத் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் சத்தமிடாமல் நின்ற அந்தக் காலையையும் சொல்லுங்கள். எம்டன் என்றால் தந்திரசாலி என்று மட்டும் அவர்கள் அறிந்திருக்கிறார்கள். சந்தேகம் இருக்கும்போது முதலில் கடதாசியைப் பார்த்த ஆள் என்பதையும் அறியட்டும்.

அல்லாஹ் நம் எல்லோரையும் செய்தியை விசாரித்து ஏற்கும் மக்களாக ஆக்குவானாக.